அடிப்பக்கம் பழுப்பேறிய கல்

கல் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். கட்டை விரலில் பழுப்பு ஒட்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் அதில் இடம் உண்டாக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் சார் சொல்லியிருந்தார். பழைய மரப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது இருக்க வேண்டும், எது வெளியே போகலாம் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். தகரத்தின் சூடு உச்சந்தலையில் இறங்கியது.

பெட்டிகளில் இருப்பது கல். நாங்கள் மண் பரிசோதனை செய்கிறவர்கள். கட்டடம் கட்டுவதற்கு முன் மனையில் துளை போட்டு, கீழே எத்தனை அடிக்கு என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்போம். பாறை வந்தால், மணிக்கட்டுக் கனத்தில் உருளையாக வெட்டி எடுப்போம். வெட்டிய துண்டுகளைப் பெட்டியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுபோல வைப்பது வழக்கம். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். முதல் வரியின் முதல் துண்டு ஆழம் குறைந்தது. கடைசி வரியின் கடைசித் துண்டுதான் அடி.

என் விரலில் பழுப்பைப் பூசியது அந்தக் கடைசித் துண்டு.

துணியால் துடைத்தேன், போகவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். காய்ந்த சேறாக இருந்தால் கரைந்து ஓடியிருக்கும். இது கல்லுக்குள்ளேயே ஊறிய நிறம். நகம் பட்ட இடத்தில் பொடியாக உதிர்ந்தது.

பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய பெருங்களத்தூர், இரண்டாவது துளை. அறிக்கை கொடுத்து மூன்று வாரமாகியிருந்தது. அதுவரை நான் எழுதுவேன், சார் கையெழுத்துப் போடுவார். நானே எழுதி நானே கையெழுத்துப் போட்ட முதல் அறிக்கை அது.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷாட் கலர்

ஒரு பழுப்பு நிறத்துக்கு இவ்வளவு கலக்கமா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கனிமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல்லாவரம், திரிசூலம், தாம்பரம், வண்டலூர் என்று மின்சார ரயில் ஜன்னலில் வந்து போகும் மலைகள் எல்லாம் ஒரே வகைக் கருங்கல். சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறையில் பதித்த கல்லிலிருந்து வந்த பெயர். கல் போனது நம் பக்கத்திலிருந்து, பெயர் மட்டும் அங்கிருந்து திரும்பி வந்தது. நம்மவர்களுக்கு அது எப்போதும் கருங்கல்தான். வாசற்படி, அம்மிக்கல், சாலை ஜல்லி எல்லாம் அதுவே.

அந்தக் கல்லைக் கருங்கல்லாக ஆக்குகிறவற்றுள் ஒன்று ஹைப்பர்ஸ்தீன். இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேட். புதிதாக உடைத்த கல்லை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், எண்ணெய் பூசிய கருமைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெண்கலப் பளபளப்புத் தெரியும். அதுதான்.

கல்லூரியில் அதை முதல் தடவை நுண்ணோக்கியில் பார்த்தேன். கல்லைக் காகிதத்தைவிட மெலிதாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். தட்டைச் சுழற்றினேன். வெளிர் ரோஸாக இருந்தது வெளிர் பச்சையானது. இன்னும் கொஞ்சம் சுழற்றினால் மறுபடி ரோஸ். பக்கத்து இருக்கை ஷாஹிதாவை இழுத்துக் காட்டினேன்.

"இதுக்கா இப்படிக் கத்துன? எங்க அண்ணியோட ஷாட் கலர் பட்டு மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் பார்த்தா ரோஸ், அந்தப் பக்கம் பார்த்தா பச்சை. அவங்களும் அப்படித்தான்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அது பிடித்துப் போனது. படிக்கும்போது எழுதிய நோட்டில் "எனக்குப் பிடித்தவை" என்று ஒரு பட்டியல் இருக்கும். மாம்பழ ஐஸ்க்ரீமுக்கும் எங்கள் காலனி நூலகத்துக்கும் நடுவே ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது.

அது பிறந்த இடத்தில் தண்ணீரே கிடையாது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஈரமில்லாத பெருஞ்சூட்டில், பழைய பாறை உருமாறியபோது உண்டானது. மேலே வந்து மழைத் தண்ணீர் பட்டால் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். வெண்கலம் பழுப்பாகும். நாள் போகப் போகக் கல்லே பொடியாகும்.

ஆகவே எங்கள் பகுதியில் துளை போட்டால் கணக்கு எளிது. மேலே சிவப்பு மண். அதன் கீழே பழுப்பு மண். அதன் கீழே பழுப்பேறிய கல். கடைசியில் பளபளப்பான கல். ஆழம் போகப் போகப் பழுப்பு குறைய வேண்டும்.

அடியில் மறுபடியும் பழுப்பு வரக் கூடாது.

அன்று பளபளத்தது

அந்தப் பெருங்களத்தூர் மனையில் இருந்தது நாற்பது வருடப் பழைய குடியிருப்பு, எட்டு வீடுகள். இடித்துவிட்டு, கீழ்த்தளத்துக்கு மேல் ஐந்து மாடி கட்ட எட்டுப் பேரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் போனபோது மனையில் மிச்சம் இருந்தவை ஒரு முருங்கை மரமும், கேட்டில் வரிசையாக மாட்டியிருந்த எட்டுத் தபால் பெட்டிகளும்தான். பின்பக்கம் கொஞ்ச தூரத்தில் மலை.

துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் ஏழுமலை அண்ணன். பம்மல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச ஆரம்பித்தால் இயந்திரத்தின் சத்தம் தோற்றுவிடும். என்னை மேடம் என்பார், கூடவே நீ என்றும் பேசுவார்.

முன்பக்கத் துளையில் பதினோரு மீட்டரில் பாறை வந்தது. பின்பக்கத்தில் போட்ட இரண்டாவது துளையில் ஆறாவது மீட்டரிலேயே வந்துவிட்டது. மலை பின்பக்கம்தானே, பாறை அங்கிருந்து சரிவாக இறங்குகிறது என்று உடனே எனக்குள் ஒரு படம் உருவானது. ஒழுங்கான, அழகான படம்.

பாறை வந்துவிட்டால் அதற்குள் மூன்று மீட்டர் போக வேண்டும் என்பது முறை. அன்று மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் இயந்திரம் சிறுசேரிக்குப் போக வேண்டும். ஒன்றரை மீட்டர் முடிந்து துண்டுகளை வெளியே எடுத்தார்கள். நான் நடுவில் உடைந்திருந்த ஒரு முகத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அத்தனை ஹைப்பர்ஸ்தீனும் நேற்றுப் பிறந்ததுபோல மின்னிக்கொண்டிருந்தது.

"போதும் அண்ணா. பாறைதான்" என்றேன்.

"கண்டிப்பாவா?"

"இவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கே, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. மழை விழ ஆரம்பித்திருந்தது. சேறும் சகதியுமாகத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கினோம்.

வேகாத கிழங்கு

என் தவறைப் புரிந்துகொள்ளச் சேப்பங்கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக வேகாத கிழங்கை அழுத்தினால் வெளியே குழைந்து வரும், நடுவில் கல்போல ஒரு கட்டி நிற்கும்.

எங்கள் பக்கத்துக் கருங்கல்லும் இப்படித்தான் மண்ணாகிறது. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள். அவற்றின் வழியே தண்ணீர் இறங்கி எல்லாப் பக்கமும் அரிக்கிறது. மூலைகள் முதலில் கரைகின்றன. கடைசியில் மென்மையான பழுப்பு மண்ணுக்குள் உருண்டையான குண்டுக்கற்கள் தனித்தனியாக மிஞ்சுகின்றன. வண்டலூர்ப் பக்கம் சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் இதைக் காணலாம். சில ஒரு ஆட்டோ அளவு இருக்கும்.

குண்டுக்கல்லின் மேல்தோல் பழுப்பு. நடு புதிது, அடிப்பாறைக் கல்லுக்கும் அதற்கும் லென்ஸில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடித்தோல் மறுபடியும் பழுப்பு.

படித்திருக்கிறேன். தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இந்த மனையில் பின்பாதிக் கட்டடத்தின் தூண்கள் ஆறு மீட்டரில் முடியும் என்று வரைபடம் தயாராகிவிட்டது. நான் எழுதியதை நம்பித் தயாரானது. அங்கே இருப்பது குண்டுக்கல் என்றால், எட்டுக் குடும்பங்களின் வீட்டில் பாதி, குழைந்த மண்ணில் மிதக்கும் ஒரு கல்லின் மேல் நிற்கும். தூணுக்குக் குழி தோண்டும் இயந்திரம் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அன்று வியாழன்.

திருப்பி வைத்தாரா?

ஒரு வழி மிச்சம் இருந்தது. கடைசித் துண்டைப் பெட்டியில் தலைகீழாக வைத்திருந்தால்? மழை அவசரத்தில் கழுவும்போது திரும்பியிருக்கலாம். அப்படியானால் பழுப்பு மேல்முகத்தில் இருந்தது, ஏதோ விரிசலில் இறங்கிய தண்ணீர் என்று விட்டுவிடலாம். ஏழுமலை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பெருங்களத்தூர் ரெண்டாவது துளைண்ணா. கடைசித் துண்டைத் திருப்பி வெச்சீங்களா?"

"இன்னா மேடம், கொயந்தைய தொட்டில்ல போட்ட மாதிரி கேக்குற? ஒரு மாசம் ஆச்சு, யாருக்கு ஞாபகம் கீது?"

"அடியில பழுப்பா இருக்குண்ணா."

எதிர்முனையில் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அணைத்துவிட்டார்.

"உனக்கு இன்னா வோணும் மேடம்? நான் திருப்பி வெச்சிட்டேன்னு வோணுமா? எய்திக்க. மயைல ஏழுமலை மாத்தி வெச்சிட்டான்னு எய்திக்க. எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல."

"நிஜமா வெச்சீங்களான்னு கேக்குறேன்."

"தெர்லியே. ஆனா ஒண்ணு சொல்றேன். கடைசி ஒரு விரக்கடை லூஸா போச்சு. கைப்பிடில தெரிஞ்சிது. சொல்லலாம்னு திரும்பினா, நீ லென்ஸை கண்ணுல வெச்சிக்கினு சிரிச்சிக்கினு இருந்த. சரி, பட்ச்ச பொண்ணு, அதுக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்தேன். உடைந்த தட்டின் இரண்டு சில்லுகள் ஒரே விதமாகத்தான் பொருந்தும். கல்லும் அப்படியே. கடைசித் துண்டின் பழுப்பு முகத்தை, அதற்கு மேலே இருந்த துண்டோடு வைத்துப் பார்த்தேன். ஆடியது. திருப்பினேன். மறு முகத்தை வைத்தேன்.

டக்கென்று உட்கார்ந்தது. குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் பிசகாமல் தொடர்ந்தது.

ஏழுமலை அண்ணன் சரியாகத்தான் வைத்திருந்தார்.

சார் கேட்டது

இரண்டு துண்டுகளையும் அலுவலகத்துக்குள் எடுத்துப் போய்ச் சாரின் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து வைத்தேன். அவர் சேர்த்துப் பார்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார்.

"ரிப்போர்ட்ல வெச்ச போட்டோல இது தெரியுமா?"

"தெரியாது சார். போட்டோ மேலேர்ந்து எடுத்தது."

"யார்கிட்ட சொன்ன?"

"ஏழுமலை அண்ணன்கிட்ட மட்டும்."

அவர் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. நான் நினைத்தது எனக்குத் தெரியும். ஷெட்டைச் சுத்தம் செய்யும் பட்டியலில் பதினான்காவதாக இருந்த இந்தப் பெட்டியை "வெளியே போகலாம்" பக்கம் எழுதினால் போதும்.

"மூணு மீட்டர் ஏன் போகலன்னு நானும் கேக்காமத்தான் அனுப்பினேன்" என்றார் சார். "சங்கத்து டீச்சர்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

ஸ்டெப் மார்க் கிடையாது

சுமதி டீச்சர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அரசுப் பள்ளியில் கணிதம் எடுக்கிறார். அன்று மாலையே மனைக்கு வந்தார். பூமி பூஜைக்கு வைத்திருந்த செங்கற்களில் மஞ்சள் இன்னும் காயாமல் இருந்தது.

நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சரி கீர்த்தனா. இதுல கல்லோட தப்பு எது, உன் தப்பு எது?"

வரும் வழியில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். மூன்று மீட்டர் போகாமல் நிறுத்தியது. அடிப்பக்கத்தைப் பார்க்காமல் நடுப்பக்கத்தை மட்டும் பார்த்தது. முன்னே பதினொன்று, பின்னே ஆறு என்று வந்தபோதே சந்தேகப்படாமல், மலைச் சரிவு என்று காரணம் கற்பித்தது.

"மூணுமே என்னுது டீச்சர்."

"வழிமுறையெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. விடை தப்பு" என்றார். "இதுக்கு ஸ்டெப் மார்க் கிடையாதும்மா."

மறுநாள் காலை ஏழுமலை அண்ணனின் இயந்திரம் வந்தது. பழைய துளைக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம். டீச்சர் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குடையோடு முருங்கை மரத்தடியில் நின்றார். ஆறு மீட்டரில் கல் வந்தது. ஏழரை வரை கல். துளையிலிருந்து வாளிக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் தவறு செய்யவில்லையோ என்று ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

இயந்திரம் சட்டென்று ஒரு முழம் கீழே இறங்கியது. தண்ணீர் பழுப்பாக மாறியது.

"போச்சு மேடம்" என்றார் ஏழுமலை அண்ணன். "பஞ்சு மாதிரி போவுது."

அதன் கீழே மூன்று மீட்டருக்கு மேல் வெறும் குழைந்த மண். உண்மையான பாறை பத்தே முக்கால் மீட்டரில் வந்தது. முன்பக்கத் துளையில் வந்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். சரிவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. பாறைக்குள் மூன்று மீட்டர் முடிந்ததும் இன்னும் ஒன்றரை போங்கள் என்றேன். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனைகளையும் கழுவிப் பார்த்த பிறகே பெட்டியில் வைத்தேன்.

எட்டுப் பெயர்கள்

வரைபடத்தை மறுபடி போட வேண்டும். தூண்கள் இன்னும் ஆழம் போக வேண்டும். நடுவில் மழை வேறு. ஒன்றரை மாதம் தள்ளிப் போகும் என்றார் வடிவமைக்கும் பொறியாளர்.

டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எட்டுப் பெயர், எட்டு எண்.

"நான் சொன்னா, சங்கத்துல ஏதோ குளறுபடின்னு நினைப்பாங்க. நீ பேசு. நான் பக்கத்துல உட்கார்றேன்."

முதல் பெயர் டீச்சருடையதே. அதில் அவரே டிக் போட்டுக்கொண்டார். மற்ற வீடுகளில் ஒருவர் என்மேல் கத்தினார். ஒருவர் என் மேலாளரின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மா, "இப்பவாவது தெரிஞ்சுதே, அதைச் சொல்லு" என்று வைத்துவிட்டார். ஆறு பேரிடமும் ஒரே வாக்கியங்களைச் சொன்னேன். நான்காவது வீட்டுக்குப் பிறகு தொண்டை பழகிவிட்டது.

கடைசிப் பெயருக்கு முன் டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"லோகநாதன் சார். பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்தவர். கீழ்வீடு அவரோடது. கால் விழுந்துபோச்சு. சேலையூர்ல லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிதான் வாடகைக்குக் கிடைச்சுது. தூக்கிட்டுப் போய் உட்கார வெச்சதுதான், அதுக்கப்புறம் அவர் கீழயே இறங்கலை. புது வீட்டுல சாய்தளம் போட்டுத் தர்றோம்னு சொல்லியிருக்கோம்."

போனை அவருடைய மகள் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று கொடுத்துவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"கல்லு எவ்ளோ ஆயத்துல கீதும்மா?"

"முப்பத்தஞ்சு அடிங்க ஐயா."

"நான் இங்க குந்திகினு கீறதும் அவ்ளோ ஒசரம்தான்."

ஒன்றரை மாதம், மழை பிடித்தால் இரண்டு என்றேன். குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

"மொதல்ல தப்பா சொன்ன பொண்ணு நீதானா?"

"ஆமாங்க ஐயா."

"நான் பிரேக் பாக்கறவன். ஓகேன்னு எய்தி அனுப்பின வண்டிய, கேட்டாண்ட ஓடிப்போய் மறிச்சி திருப்பி இட்டாந்திருக்கேன். டிரைவர் திட்டுவான், கண்டக்டர் திட்டுவான், உள்ள குந்தினு இருக்கறவன் எல்லாம் திட்டுவான்." ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றது. "இப்போ நான் உள்ள குந்தினு கீறவன். எனக்கும் திட்டணும்னுதான் கீது."

"திட்டுங்க ஐயா."

"திட்டிட்டு? எறங்கியா போவ முடியும்?"

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவர் எதற்கோ மகளைக் கூப்பிட்டார். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டீச்சர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"இறங்காம இருக்கேன்னு சொன்னார் டீச்சர்."

எட்டாவது பெயருக்கு நேரே அவர் டிக் போட்டார்.